61ஆவது யூனிற்றும் ஒரு பிளக் மீற்றரும்

சுவர்ப் பிளக்குக்கும் சாமானுக்கும் நடுவில் செருகுகிற உள்ளங்கை அளவுப் பெட்டிதான் பிளக் மீற்றர். முகத்தில் சின்னத் திரை, அதன் கீழே மூன்று நான்கு பொத்தான். மின்சாமான் கடைகளிலும் இணையக் கடைகளிலும் பல பெயர்களில் வருகிறது. பெயர் எதுவானாலும் உள்ளே நடக்கிற வேலை ஒன்றுதான். வோல்ட், அம்பியர், வாட், பவர் ஃபக்டர் (இழுக்கிற கரண்டில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலை செய்கிறது என்ற எண்), செருகியதிலிருந்து ஓடிய நேரம், எரிந்த யூனிற் (1000 வாட் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிற்) எல்லாவற்றையும் மாறி மாறிக் காட்டும். இது ஒரு வீட்டுக்குத் தேவையா என்ற கேள்விக்குப் பதில் அந்த வீட்டின் கரண்ட் பில்லிலேயே இருக்கிறது. மாதம் 55க்கும் 70க்கும் நடுவிலோ, 85க்கும் 100க்கும் நடுவிலோ ஆடுகிற வீடு தாராளமாக வாங்கலாம். 30 யூனிற்றுக்குள் அடங்குகிற வீட்டுக்கு இது வீண் செலவு.

காரணம் கட்டணப் படிகள். 2025 ஜூனில் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அங்கீகரித்த வீட்டுக் கட்டணத்தை எடுத்து, வரியை விட்டுவிட்டுக் கணக்குப் பார்க்கலாம். 60 யூனிற் எரித்த வீட்டுக்கு முதல் 30 யூனிற் 4.50 ரூபாய்ப்படி, அடுத்த 30 யூனிற் 8 ரூபாய்ப்படி, நிலையான கட்டணம் 210. மொத்தம் 585 ரூபாய். பக்கத்து வீடு 61 எரித்தால் கதையே வேறு. முதல் யூனிற்றிலிருந்தே விலை மாறி 60 யூனிற்றும் 12.75 ரூபாய் ஆகிறது. 61ஆவது யூனிற் 18.50. நிலையான கட்டணம் 400. கூட்டினால் 1,183 ரூபாய் 50 சதம். அந்த ஒரு யூனிற்றின் விலை 598 ரூபாய் 50 சதம்! 90இலிருந்து 91க்குப் போனால் 1,720 என்பது 2,344 ஆகும். 120இல் 3,040 வரும், 121இல் 3,581. 180 யூனிற்றுக்கு 6,000. அடுத்த ஒன்றுக்கு 661 ரூபாய் ஏறும். கட்டணம் திருத்தப்படும்போது இந்த ரூபாய்கள் மாறும். படிகளில் ஏறி இறங்குகிற முறை பல திருத்தங்களைத் தாண்டி அப்படியே இருக்கிறது.

லண்டனில் இருக்கிற சொந்தக்காரரோடு கரண்ட் பில் பற்றிக் கதைத்தால், "நான் கம்பனி மாத்திப்போட்டன்" என்பார். பிரித்தானியாவில் 1999இலிருந்து எந்த வீடும் தனக்கு மின்சாரம் விற்கிற கம்பனியைத் தானே தெரிவு செய்யலாம். அங்கேயும் நிலையான நாள் கட்டணம் உண்டு, ஆனால் ஒரு யூனிற் கூடியதற்காக அது துள்ளிப் பாய்வதில்லை. அந்தச் சுதந்திரத்துக்கும் விலை இருக்கிறது: 2021இல் கம்பனிகள் மின்சாரத்தை வாங்குகிற மொத்த விலை எகிறியபோது 25க்கு மேற்பட்ட கம்பனிகள் விழுந்தன. அதே ஆண்டு பெப்ரவரிக் குளிரில் டெக்சாஸில் மொத்த விலை யூனிற்றுக்கு 9 டொலர் வரை போனது. அந்த விலையோடு நேரடியாகக் கட்டப்பட்ட திட்டத்தில் இருந்த வீடுகளுக்கு ஆயிரக்கணக்கான டொலரில் பில் வந்தது. இங்கே 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம் மின்சார சபையைக் கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்தது. அதனால் பரந்தனிலோ முள்ளியவளையிலோ இருக்கிற வீட்டுக்காரருக்குக் கம்பனி தெரிவு செய்கிற உரிமை வந்துவிடவில்லை. மன்னாரில் 103.5 மெகாவாட் காற்றாலை கண்முன்னே சுற்றினாலும் அங்குள்ள வீட்டுக்கு யூனிற் விலை தெற்கே காலி நகரில் உள்ள விலைதான். வன்னி வீட்டுக்கு இருக்கிற ஒரே தெரிவு எந்தப் படியில் நிற்பது என்பதுதான்.

படிகளை மாதக் கணக்காகப் பார்க்காமல் நாள் கணக்காகப் பார்ப்பது சுகம். மீற்றர் பார்க்க வருகிறவர் 33 நாளுக்குப் பிறகு வந்தால் பில்லில் படியின் எல்லையும் நாளுக்கேற்ப நீளும். ஆகவே நாளுக்கு 2 யூனிற், 3 யூனிற், 4 யூனிற், 6 யூனிற் என்பவைதான் உண்மையான வேலிகள். 2 யூனிற் எவ்வளவு விரைவில் தீரும் என்று பாருங்கள். பிறிட்ஜ் ஒரு நாளுக்கு 1 யூனிற். 75 வாட் சீலிங் ஃபான் இரவு 8 மணித்தியாலம் சுற்றினால் 0.6. ரீவி 60 வாட், 4 மணித்தியாலம், 0.24. 9 வாட் எல்ஈடி பல்பு நான்கு, 5 மணித்தியாலம், 0.18. மொத்தம் 2.02. கிணற்று மோட்டரை இன்னும் போடவே இல்லை, அயன் பெட்டியைத் தொடவில்லை, வீடு வேலியைத் தாண்டிவிட்டது.

இந்தக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத ஆள் பிறிட்ஜ். மேலே போட்ட 1 யூனிற் ஒரு உத்தேசம்; உண்மை 0.7ஆகவும் இருக்கலாம், 1.6ஆகவும் இருக்கலாம். பிளக் மீற்றர் தன் விலைக்கு நியாயம் செய்வது இங்கேதான். பிறிட்ஜைக் கழற்றினால் உடனே திரும்பச் செருகக் கூடாது. கொம்பிறஷருக்குள் அழுத்தம் சமப்பட ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு மீற்றரைச் செருகி, பழைய கணக்கை அழித்து, 48 மணித்தியாலம் விட்டு வந்த யூனிற்றை இரண்டால் பிரியுங்கள். ஒரு நாள் மட்டும் பார்த்தால் அன்றைக்கு மீன் வைத்ததா, பிள்ளைகள் கதவைத் திறந்து திறந்து மூடினார்களா என்பதெல்லாம் கணக்கைக் குழப்பும். இடையில் வாட்டையும் கவனியுங்கள். ஒற்றைக் கதவுப் பிறிட்ஜ் ஓடும்போது ஏறத்தாழ 100 வாட் காட்டி, பிறகு ஓய்ந்து பூச்சியத்துக்கு அருகில் வர வேண்டும். இரவில், கதவு திறக்காத நேரத்திலும் ஓய்வே இல்லாமல் ஓடினால் கோளாறு இருக்கிறது. முதலில் கதவு றப்பர். ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் றப்பர் போய்விட்டது. அடுத்து ஐஸ்: சுண்டுவிரல் கனத்துக்கு ஐஸ் கட்டினால் அதுவே போர்வை. பின்பக்கக் கம்பிவலையில் தூசி, சுவரோடு ஒட்டி வைத்திருப்பது, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருப்பது எல்லாம் அதற்குப் பிறகு. இன்வேட்டர் வகைப் பிறிட்ஜ் குறைந்த வாட்டில் நெடுநேரம் ஓடும், அது அதன் இயல்பு. ஐஸ் கட்டாத வகை இடையிடையே சில நிமிடம் நூற்றுக்கணக்கான வாட் காட்டினால் அது ஐஸ் உருக்குகிற ஹீற்றர்; பயப்பட ஒன்றுமில்லை.

எதிர்பாராமல் மாட்டிக்கொள்கிறவை சிறியவை. ரீவியோடு இருக்கிற டிஷ் பெட்டி 10 வாட் எடுக்கிறது என்றால், ரீவியை நிறுத்திய பிறகும் எடுக்கும்: நாளுக்கு 0.24 யூனிற். நான்கு மணித்தியாலம் ஓடுகிற ரீவி தின்னுகிற அளவு! பிறிட்ஜுக்குப் போட்ட ஸ்டெபிலைசர் தனக்கென்று 8 வாட் எடுத்தால் மாதம் கிட்டத்தட்ட 6 யூனிற். றைஸ் குக்கரில் சோறு வெந்த பிறகு சூடாக வைத்திருக்கும் நேரமும் அப்படித்தான். போன் சார்ஜரைப் பற்றி வீட்டில் சண்டை பிடிப்பதில் மட்டும் பயனில்லை. போன் இல்லாமல் தொங்குகிற சார்ஜர் எடுப்பது அரை வாட் கூட வராது.

குறைகளும் உண்டு. 5 வாட்டுக்குக் கீழே இந்தப் பெட்டி சொல்வதை அப்படியே நம்ப முடியாது. சார்ஜரைச் செருகிப் பூச்சியம் காட்டினால் பூச்சியம் என்று அர்த்தமில்லை. காசுக் கணக்கு காட்டுகிற பொத்தான் இங்கே வெறும் அலங்காரம். அதில் ஒரு யூனிற்றுக்கு ஒரே விலைதான் போடலாம், படி முறைக்கு அது தோதுப்படாது. யூனிற்றை மட்டும் எடுத்துக் கையால் கணக்குப் போடுங்கள். உள்ளே பொத்தான் பற்றரி இருக்கிற வகையில் பற்றரி செத்திருந்தால், இடையில் கரண்ட் நின்றவுடன் இரண்டு நாள் கணக்கும் அழிந்துவிடும். புதிதாக வாங்கும்போது பற்றரிக்கு நடுவே செருகிய பிளாஸ்ரிக் நாக்கை இழுக்காமல் விடுகிறவர்களும் இதே குறையைச் சொல்வார்கள். மல்ரி பிளக்கில் கேத்திலையும் அயனையும் ஒன்றாகச் செருகி அதற்கு முன்னால் மீற்றரைப் போட்டால் 13 அம்பியரைத் தாண்டி முள் கருகும்.

முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 13 அம்பியர் சதுரமுள் உள்ள மீற்றரையே வாங்குங்கள். இரண்டு உருண்டை முள் வகை மலிவாகக் கிடைக்கும். அதை அடப்டர் வைத்துச் செருகினால் எர்த் இல்லாமல் போகிறது. பிறிட்ஜும் அயனும் எர்த் இல்லாமல் ஓடுவது ஒரு மீற்றருக்காக எடுக்கத்தக்க ஆபத்து இல்லை.

கிணற்று மோட்டருக்கு இது உதவாது. பெரும்பாலும் நேரடி வயரில் இருக்கும், தொடக்கத்தில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதற்குச் சுவரில் சபை பூட்டிய மீற்றரே போதும், காசும் இல்லை. அதன் முகத்தில் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் ஒரு யூனிற்றுக்கு எத்தனை இமைப்பு என்று எழுதியிருக்கும். 1600 என்று இருந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி, மோட்டரை மட்டும் போட்டு, ஒரு நிமிடம் எண்ணி 37.5ஆல் பெருக்குங்கள். 30 இமைப்பு என்றால் 1,125 வாட். 1 குதிரைவலு மோட்டருக்கு இது சரியான கணக்கு. 3200 என்றால் 18.75ஆல் பெருக்க வேண்டும். அந்த மோட்டர் 15 நிமிடம் ஓடினால் 0.28 யூனிற், மாதம் 8க்கு மேல். குழாயின் அடியில் தண்ணீரைப் பிடித்து வைக்கிற புட் வால்வு கசிந்து ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஏற ஐந்து நிமிடம் வெறும் காற்றில் ஓடுகிற மோட்டர் அதில் மூன்றில் ஒரு பங்கைச் சும்மா எரிக்கிறது. கோடையில் கிணறு கீழே போய், மோட்டருக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவில் 7 மீற்றருக்கு மேல் வந்தால் வால்வு மாற்றியும் பயனில்லை. மோட்டரைக் கீழே இறக்க வேண்டும். எல்லாச் சுவிச்சையும் நிறுத்திய பிறகும் விளக்கு இமைத்தால் வயரிங்கில் கசிவு தேடுங்கள். இமைக்காமல் நிலையாக எரிந்தால் பல மீற்றர்களில் அது சுமை இல்லை என்ற அடையாளம்.

திரையில் வரும் பவர் ஃபக்டர் பிறிட்ஜுக்கு 0.6 என்று காட்டினால் கவலை வேண்டாம். வீட்டு பில் யூனிற்றுக்குத்தான். அந்த எண்ணுக்கு அபராதம் இல்லை. "பவர் சேவர்" என்று பச்சை விளக்கோடு விற்கிற பெட்டியை வாங்க வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். அதற்குள் இருப்பது ஒரு கப்பாசிற்றர். அது அம்பியரைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும், யூனிற்றைக் குறைக்காது.

வோல்ட் எண்ணுக்கு வேறு பயன் இருக்கிறது. 230இலிருந்து நூற்றுக்கு 6 கூடக் குறைய, அதாவது 216க்கும் 244க்கும் நடுவில், வர வேண்டும். டிரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில், லைனின் கடைசியில் இருக்கிற வீட்டில் இரவு ஏழு மணிக்கு 190 காட்டினால் மூன்று நாள் நேரத்தோடு எழுதி வைத்து 1987 என்ற முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். "கரண்ட் குறைவு" என்பதைவிட "7.10க்கு 188" என்ற முறைப்பாடு கேட்கப்படும்.

ஒரு வளவில் இரண்டு குடும்பம் ஒரே மீற்றரில் இருந்தால் எந்தப் பெட்டியும் வேண்டாம், முதலில் இரண்டாவது இணைப்பு எடுங்கள். மேலே சொன்ன கட்டணத்தில் 120 யூனிற் ஒரு மீற்றரில் 3,040 ரூபாய். அதே 120 இரண்டு மீற்றரில் 60, 60 என்றால் 1,170.

பிளக் மீற்றரால் அளந்து முடித்த வீடு பிறகு அதை அதிகம் தொடாது. நாலைந்து வீடு சேர்ந்து ஒன்று வாங்கிக் கைமாற்றினால் போதும். கடையிலேயே சோதித்து வாங்குங்கள்: பழைய இழைப் பல்பு ஒன்றைச் செருகச் சொல்லுங்கள். பல்பில் எழுதிய வாட்டுக்குக் கிட்ட எண்ணும், பவர் ஃபக்டர் 1.00 அல்லது 0.99உம் வர வேண்டும். இழைப் பல்புக்கு 0.7 காட்டுகிற மீற்றரைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.