பழைய கார்ட் கடன்: "5,000 மட்டும் போடுங்கோ" என்றால் போடாதீங்க

உவர்மலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். 2014க்குப் பிறகு ஒரு சதமும் கட்டாத கிரெடிட் கார்ட். கொழும்பிலிருந்து கோல் எடுத்தவன் வங்கிக்காரன் இல்லை, வங்கி பிடித்துவிட்ட வசூல் நிறுவனத்து ஆள். "சேர், இண்டைக்கு 5,000 மட்டும் போடுங்கோ, மிச்சத்தை மேலிடத்தில கதைச்சு வெட்டித் தாறன்." மனுசன் போட்டார். வாட்ஸ்அப்பில் வந்த 'இணக்கக் கடிதத்தில்' கையெழுத்தும் வைத்து அனுப்பினார். மூன்று மாதத்தில் வட்டியோடு முழுத்தொகையும் கேட்டுக் கடிதம் வந்தது. வெட்டித் தருவதாகச் சொன்னதற்கு ஒரு துண்டுத் தாளும் இல்லை.

அவனுக்கு வேண்டியிருந்தது அந்த 5,000 அல்ல, வழக்குப் போடும் காலம் கடந்த கடனை எழுப்ப உதவும் கையெழுத்தும் கட்டிய காசும்தான். வழக்குப் போடக் கால எல்லை வைக்கும் இலங்கையின் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைத்தான் சட்டத்தரணிகள் 'பிறிஸ்கிறிப்சன்' என்பார்கள். எழுத்து ஒப்பந்தம் மீறப்பட்டு 6 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும், வாய்மொழி என்றால் 3 ஆண்டு. கார்ட் விண்ணப்பத்தில் உங்கள் கையெழுத்து இருப்பதால் வங்கி 6ஐத்தான் பிடிக்கும். அதே சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, வாயால் "தாறன்" என்று சொன்னது கணக்கில் வராது. ஆனால் கையெழுத்திட்ட ஒப்புதலும், முதல்தொகையிலோ வட்டியிலோ கட்டிய காசும் செத்த கடனை எழுப்பிவிட்டதாக வாதிட இடம் கொடுக்கும். 2006இன் மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டம் இருப்பதால் வாட்ஸ்அப் செய்தியையும் லேசாக எண்ண வேண்டாம்.

கோல் வந்தால் "எழுத்தில அனுப்புங்கோ" என்று வைத்துவிடுங்கள். பிறகு பதிவுத்தபாலில் கேளுங்கள்: கடைசியாகக் கட்டிய திகதி, முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, உங்களிடம் வசூலிக்க வங்கி கொடுத்த அதிகாரக் கடிதம். "இந்தக் கடிதம் எந்தக் கடனையும் ஒப்புக்கொள்வதாகாது" என்ற வரி கட்டாயம். "என் கடனைக் குறைத்துத் தாருங்கள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அந்த ஒரு வரியே போதும் அவர்களுக்கு. தபால் பற்றுச்சீட்டைப் பிரதியோடு ஒட்டி வையுங்கள்.

பின்திகதியிட்ட செக் கேட்டால் கொடுக்கவே வேண்டாம். கார்ட் பாக்கி சிவில் விவகாரம், அதற்காகப் பொலிஸ் பிடிக்காது. காசில்லாதது தெரிந்தே எழுதிய செக் திரும்பினால் அது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் 25ஆம் பிரிவில் குற்றமாகலாம். "பொலிசோட வருவம்" என்று மிரட்டுகிறவனே செக்கும் கேட்பது சும்மா இல்லை.

'கிறிப்பில் போட்டிருவம்' (கிறிப் என்பது யார் கடன் கட்டினார், கட்டவில்லை என்ற பதிவை வைத்திருக்கும் கடன் தகவல் பணியகம்) என்பதற்கும் பயப்படாமல் உங்கள் கிறிப் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள விபரமும் அவர்கள் சொல்லும் திகதியும் ஒத்துவராமல் இருக்கலாம்.

நீதிமன்றத் தாள் வந்தால் மட்டும் விளையாட்டு வேண்டாம். மேலே சொன்ன 1990 சட்டத்தில் வங்கி சத்தியக்கடதாசியோடு போனால், உங்களைக் கேளாமலே நிபந்தனைத் தீர்ப்பு (நீங்கள் வந்து காரணம் காட்டாவிட்டால் உறுதியாகிவிடும் தீர்ப்பு) கிடைத்துவிடும். தாளில் போட்ட திகதிக்கு சட்டத்தரணியோடு போய், சத்தியக்கடதாசி கொடுத்து, எதிர்வாதாட அனுமதி கேட்க வேண்டும். காலம் கடந்துவிட்டது என்பதை நீங்கள்தான் எழுப்ப வேண்டும், நீதிபதி தானாக எடுக்கமாட்டார். "ஆறு வருசம் போயிட்டுது" என்று வீட்டில் இருந்தவர்கள்தான் தோற்கிறார்கள். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போகலாம்.

வீட்டு வாசலிலும் அயலவரிடமும் சத்தம் போட்டால் முதலில் வங்கிக்கு எழுத்தில் முறையிடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புத் திணைக்களம், இலக்கம் 1935. கோல் வந்த திகதி, நேரம், இலக்கம் எழுதிய கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.