எக்ரிமான்ட் ரசட்: சின்னத் தோட்டத்துக்கு நான் சொல்லும் ஆப்பிள்

இங்கிலாந்தில் சின்னத் தோட்டம் வைத்திருப்பவர்கள் என்னைக் கேட்டால், பேர்போன காக்ஸ் ரக ஆப்பிளை விட்டுவிட்டு எக்ரிமான்ட் ரசட் கன்று வாங்குங்கள் என்பேன். காக்ஸின் ருசியில் குறையே இல்லை. ஆனால் சொறி நோய், சாம்பல் நோய், கிளைப் புண் எல்லாம் அதைத் தேடி வரும். ரசட்டைச் சொறி நோய் அவ்வளவாக அண்டாது. கென்ட்டில் மருந்தே அடிக்காமல்தான் வளர்க்கிறேன்.

1872-இல் பதிவான பழைய ரகம் இது. சசெக்ஸில் பெட்வர்த்தில், எக்ரிமான்ட் பிரபுவின் பண்ணையில் தோன்றியதாகச் சொல்வார்கள்.

நான் வாங்கியது எம்26 என்ற வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்று. வேர்ச்செடி என்பது ஒட்டுக்கு வேராக நிற்கும் அடிச்செடி, மரம் எவ்வளவு உயரும் என்பது அதைப் பொறுத்தது. குளிர்காலத்தில், வேரில் மண் இல்லாமல் வந்தது. இதில் மரம் சுமார் 3 மீட்டரில் நின்றுவிடும், ஆனால் முட்டுக்கம்பு கட்டாயம் வேண்டும். கிளைகள் நெட்டுக்குத்தாகப் போகும். காய்கள் குட்டைக் கிளைகளில் பிடிப்பதால் சுவரோரம் கம்பி கட்டிப் படர விடவும் தோதானது. பூ சீக்கிரமே வந்துவிடும், ஓரளவு உறைபனியையும் தாங்கும். தனியாக நின்றால் காய்ப்பு குறையும். பக்கத்து வீட்டில் ஜேம்ஸ் கிரீவ் ரக ஆப்பிள் மரம் இருந்தால் போதும், மகரந்தச் சேர்க்கையைத் தேனீக்கள் பார்த்துக்கொள்ளும்.

சரி, பழம்? தோல் சொரசொரப்பாக, மங்கிய பொன்பழுப்பில் இருக்கும். பளபளப்பைப் பார்த்து வாங்குகிறவர்கள் கடையில் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கடித்தால் வெண்ணெய் நிறச் சதை, இறுக்கமான இனிப்பு, பின்னாலேயே ஹேசல் பருப்பின் வாசம். ஒரு துண்டு செடார் சீஸோடு சாப்பிட்டால் வேறு எந்த ஆப்பிளும் இதன் பக்கத்தில் வராது. சாறு சொட்ட வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் இது பிடிக்காது, சதை கொஞ்சம் உலர்ந்ததுதான்.

செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் பறிக்கலாம், டிசம்பர் வரை வைத்துச் சாப்பிடலாம். சொரசொரத் தோல் ஈரத்தைச் சீக்கிரம் விட்டுவிடும், பழம் சுருங்கும். அதனால் ஓட்டை போட்ட பையில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

ஒரு பெரிய குறை உண்டு. வறண்ட கோடையில் தண்ணீர் விட்டுவிட்டுக் கிடைத்தால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது. தோலுக்கடியில் பழுப்புப் புள்ளிகள் விழுந்து கசக்கும். ஜூன், ஜூலையில் தவறாமல் நீர் பாய்ச்சுங்கள், அடியில் மக்கிய உரம் பரப்புங்கள். அப்புறம், வேர்ச்செடி எது என்று கேட்காமல் கன்றுக்குப் பணம் கட்டாதீர்கள்.