கொழும்பு வெக்கையில் ரைசன் 5 7600: வோல்டேஜைக் குறைத்து வேகம் எடுக்கலாம்

ஏஎம்டியின் ரைசன் 5 7600 ப்ரொசசர் சந்தைக்கு வந்தது 2023 ஜனவரியில், 229 டொலருக்கு. 6 கோர், 12 திரெட், 32 எம்பி எல்3 கேஷ், 5.1 கிகாஹேர்ட்ஸ் வரை பூஸ்ட். அதற்குப் பிறகு அடுத்த தலைமுறை 9600எக்ஸும் வந்துவிட்டது. ஆனாலும் வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ ஏசி இல்லாத அறையில் ஓடப்போகும் கணினிக்கு, கையால் ஓவர்குளொக் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுதல்) செய்து பார்க்கும் ஆசையும் இருந்தால், இன்றைக்கும் இந்த ப்ரொசசரைத் தயங்காமல் சொல்லலாம்.

பெட்டியில் 65 வாட் என்று அச்சிட்டிருந்தாலும் சொக்கெட்டிலிருந்து இது எடுக்கக்கூடிய உச்சம், அதாவது பிபிடி எல்லை, 88 வாட். இதே குடும்பத்து 7600எக்ஸுக்கு அந்த எல்லை 142 வாட். வேகம் அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையில் முதலாவது 14,000 புள்ளிக்குக் கிட்ட வரும், இரண்டாவது 15,000க்குக் கிட்ட. 7600எக்ஸ் தன் எல்லை முழுவதையும் எப்போதும் எடுப்பதில்லை என்பது உண்மைதான். என்றாலும் ஏழு வீத வேகத்துக்காக அவ்வளவு கூடுதல் சூட்டை, சீலிங் ஃபான் மட்டும் சுற்றும் அறைக்குள் விடுவது கட்டுப்படியாகாது. அந்தச் சூடு கணினிக்குள்ளேயே நின்றுவிடுவதில்லை. அறைக்கு வந்து, அறைக் காற்றாகத் திரும்பவும் கணினிக்குள்தான் போகும்.

வெளிநாட்டு விமர்சனங்களில் காணும் வெப்பநிலை எண்களை இங்கே அப்படியே எடுக்கக் கூடாது. அவர்கள் சோதிப்பது 21, 22 பாகை அறையில். ஏப்ரல் மாதப் பிற்பகலில் பம்பலப்பிட்டி மாடி வீட்டு அறை 31, 32 பாகை இருக்கும். காற்றால் குளிர்விக்கும் எந்தக் கூலரும் அறைக் காற்றுக்கு மேல் இத்தனை பாகை என்ற கணக்கில்தான் வேலை செய்யும். ஆகவே அவர்களுடைய எண்ணோடு 10ஐக் கூட்டினால் நம்முடைய எண் வரும். அங்கே 85 காட்டுவது இங்கே 95. அந்த 95 பாகைதான் இந்தச் சிப்பின் எல்லை. அதைத் தொட்டதும் தானாகவே குளொக்கை, அதாவது ஓடும் வேகத்தை, இறக்கத் தொடங்கும். பெட்டியோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் ஹீட் பைப் இல்லாத ஓர் அலுமினியக் கட்டி. அலுவலக வேலைக்கும் பாடசாலைப் பிள்ளைகளின் பாவனைக்கும் காணும். கேம், வீடியோ ரெண்டரிங் என்று இறங்குபவர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு 120 மில்லிமீற்றர் ஃபான் உள்ள ஒற்றைக் கோபுரக் கூலர் ஒன்றை வாங்குவதே நல்லது. டீப்கூல் ஏகே400 போன்ற ஒன்று தாராளம். அதன் உயரம் 155 மில்லிமீற்றர்; கேஸின் பக்க மூடி சாத்துமா என்று வாங்கும் முன் பார்க்கவும்.

கூலர் பூட்டும்போது, இந்தச் சிப் அமரும் ஏஎம்5 சொக்கெட்டின் ஒரு குணத்தை மறக்கக் கூடாது. போர்டின் பின்பக்கத் தகடு சொக்கெட்டோடு சேர்ந்தது, கழற்றி எறிய முடியாது. தன் சொந்தப் பின்தகட்டோடு வரும் பழைய ஏஎம்4 கூலர்கள் இதில் உட்காரா. ஸ்டெல்த்தும் ஏகே400உம் அந்தத் தகட்டிலேயே பூட்டுபவை. முன்பக்கத்து இரண்டு பிளாஸ்டிக் பிடிகளின் நான்கு ஸ்குரூக்களைக் கழற்றினால் போதும். புது ஸ்குரூக்களை ஒவ்வொன்றாக இறுதிவரை முறுக்காமல், குறுக்காக மாறி மாறி இரண்டிரண்டு சுற்றாக இறுக்க வேண்டும். ஒரு பக்கம் முதலில் இறுகினால் மற்றப் பக்கத்தில் சிப்புக்கும் கூலருக்கும் இடையில் பூசும் வெப்பப் பேஸ்ட் தடித்து நின்று, சில கோர்கள் மட்டும் அதிகம் சுடும். இந்தச் சிப்பின் மூடி ஓரங்களில் வெட்டு வெட்டாக இருக்கிறது, அந்த இடைவெளிகளில் சிறு கப்பாசிட்டர்கள் தெரியும். பேஸ்ட் அங்கே வழிந்தால் பார்வைக்குத்தான் அசிங்கம், சாதாரண மின்கடத்தாப் பேஸ்டால் கேடில்லை. திரவ உலோகப் பேஸ்ட் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மதர்போர்ட் பி650 அல்லது பி850 ஆக இருக்கட்டும். ஏ620 சிப்செட்டில் ப்ரொசசர் ஓவர்குளொக்குக்கு ஏஎம்டி இடம் வைக்கவில்லை. போர்டின் பின்புறத்தில் யூஎஸ்பி வழியாக பயோஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) ஏற்றும் பொத்தான், அதாவது ஃப்ளாஷ்பேக் வசதி, உள்ளதா என்று கேளுங்கள். பயோஸ் ஏற்றும் நடுவில் மின்சாரம் போனால் போர்டைக் காப்பாற்றும் வழி பெரும்பாலும் அதுதான். 2022இல் நாளுக்குப் பல மணிநேரம் மின்வெட்டுப் பார்த்த ஊரில், 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்ட ஊரில், இது ஆடம்பர வசதி இல்லை.

காலி வீதியில் யுனிட்டி பிளாசாவிலோ, அல்லது இணையக் கடை ஒன்றிலோ எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. ஏஎம்5இல் பின்கள் சிப்பில் இல்லை, போர்டின் சொக்கெட்டில் 1718 இருக்கின்றன. ஒன்று வளைந்திருந்தாலும் ஒரு ரேம் சனல் வேலை செய்யாமல் போகலாம். வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு வளைந்த பின்னைக் காட்டினால் எந்தக் கடையும் ஏற்காது. ஆகவே கவுண்டரிலேயே சொக்கெட் மூடியைத் திறந்து, ஃபோன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்து, ஒரு படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். விலை கேட்கும்போது 18 வீத வற் வரி சேர்ந்ததா, காசு விலையா கார்ட் விலையா என்று ஒரேயடியாகக் கேட்டுவிடுங்கள். பெட்டி இல்லாமல் 'ட்ரே' சிப் மலிவாகக் கிடைக்கலாம். அதற்குக் கூலரும் இல்லை, ஏஎம்டியின் மூன்று வருடப் பெட்டி உத்தரவாதமும் இல்லை, கடைக்காரர் எழுதித் தருவதுதான் உத்தரவாதம்.

ரேம் இரண்டு குச்சி மட்டும், 16 ஜிபி வீதம், டிடிஆர்5 6000 சிஎல்30, எக்ஸ்போ (ரேமை அறிவித்த வேகத்தில் ஓட்டும் ஏஎம்டியின் அமைப்பு) முத்திரையோடு. 2025 கடைசி மாதங்களில் ரேம் விலை உலகெங்கும் ஏறியதால், ஒரு குச்சியை இப்போது வாங்கி மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒற்றை சனலில் வேகம் நன்றாக அடிபடும், பிறகு வாங்கும் குச்சியில் உள்ள சிப் வேறாகவும் இருக்கலாம். பணம் இறுக்கம் என்றால் 8 ஜிபி இரண்டு எடுப்பது அதைவிட மேல். நான்கு குச்சி போட்டால் ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600 மட்டுமே. இரண்டையும் ப்ரொசசரிலிருந்து எண்ணி இரண்டாம், நான்காம் துளைகளில் செருக வேண்டும்.

முதல் தடவை பவர் கொடுத்ததும் திரை கறுப்பாகவே நிற்கும், போர்டில் டிராம் விளக்கு எரியும். பழுது என்று பயந்து அணைக்க வேண்டாம். ரேமை அது பழக்கிக்கொண்டிருக்கிறது. சில நிமிடங்கள் எடுக்கும். எக்ஸ்போவை இயக்கிய பிறகும் இதே காத்திருப்பு ஒருமுறை வரும். 6000இல் ரேமும் அதன் கண்ட்ரோலரும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஓடும், சிப்பின் உள் இணைப்பு வேகமான எஃப்குளொக் 2000. இதற்கு மேல் 6400, 7200 என்று துரத்தினால் விகிதம் உடையலாம், உடைந்தால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. எக்ஸ்போ போட்டவுடன், ரேம் கண்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜைப் பாருங்கள். 2023 வசந்தத்தில் சில ரைசன் 7000 சிப்கள் சொக்கெட்டோடு எரிந்த பிறகு ஏஎம்டி இதற்கு 1.30 வோல்ட் என்று எல்லை போட்டது. அதற்கு முந்திய பயோஸோடு அலமாரியில் கிடந்த போர்ட் கையில் வந்திருந்தால், எக்ஸ்போவைத் தொடுவதற்கு முன்னரே புது பயோஸ் ஏற்ற வேண்டும். 6000க்கு 1.20 முதல் 1.25 வரை பெரும்பாலும் போதும்.

இனி ஓவர்குளொக். எல்லாக் கோர்களையும் 5.2க்குப் பூட்டி வோல்டேஜை ஏற்றும் பழைய முறை இந்தச் சிப்புக்குப் பொருந்தாது. வெப்பம் ஏறும், ஒற்றைக் கோர் வேகத்தில் கிடைப்பது சொற்பம். வேலை செய்வது, ஒவ்வொரு குளொக்குக்கும் கொடுக்கும் வோல்டேஜைக் குறைக்கும் கேர்வ் ஒப்டிமைசர். பயோஸில் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவை (பிபிஓ) 'அட்வான்ஸ்ட்' ஆக்கி, கேர்வ் ஒப்டிமைசரில் 'ஓல் கோர்ஸ்', 'நெகட்டிவ்' தெரிவு செய்து 15இல் தொடங்குங்கள். ஒரு படி என்பது ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட். அதே 88 வாட்டுக்குள் வோல்டேஜ் குறைந்தால் மிச்சமாகும் வாட்டைச் சிப் தானே குளொக்காக மாற்றிக்கொள்ளும். அதுதான் இங்கே கிடைக்கும் இலவச வேகம். 20 வரை பெரும்பாலான சிப்கள் போகும், 30 எல்லாவற்றுக்கும் கிடைக்காது. பிபிடியை 88க்கு மேல் ஏற்றுவதும் பூஸ்ட் ஓவர்ரைடில் 200 மெகாஹேர்ட்ஸ் கூட்டுவதும் முடியும், ஆனால் ஏசி அறை இல்லாதவருக்கு இவற்றைப் பரிந்துரைக்க மாட்டோம். மாறாக அதே பட்டியலில் வெப்ப எல்லையை 95இலிருந்து 85க்கு இறக்கிவிட்டால் ஃபான் இரைச்சலும் அடங்கும், வேகத்தில் இழப்பும் அரிதாகவே தெரியும்.

பலர் தவறுவது சோதனையில்தான். சினிபெஞ்ச் அரை மணி ஓடிவிட்டது, ஆகவே நிலையாக இருக்கிறது என்று முடிவுகட்டுவார்கள். கேர்வ் பிழையாக இருந்தாலும் முழுச் சுமையில் சிப் பெரும்பாலும் விழாது. ஏனெனில் அப்போது குளொக் தாழ்வு. பிரவுசர் மட்டும் திறந்திருக்கும்போது ஒரு கோர் தனியாக உச்சக் குளொக்குக்குப் பாயும் அந்தக் கணத்தில்தான் வோல்டேஜ் போதாமல் கணினி சட்டென மறுதொடக்கமாகும். இதற்கென்றே உள்ள கோர்சைக்கிளர் என்ற இலவசக் கருவி ஒவ்வொரு கோரையும் தனித்தனியே வேலை வாங்கும். ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் வன்பொருள் பிழையைக் குறிக்கும் 'வீயா லொகர்' பதிவு ஒன்று வந்திருந்தாலும் அது தோல்விதான். விழுந்த கோருக்கு மட்டும் 5 படி குறைக்கவும். ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் மென்பொருளில் நட்சத்திரமிட்ட கோர்கள் பெரும்பாலும் முதலில் விழும். அவை தரமானவை என்பதால் தொழிற்சாலையிலேயே வோல்டேஜ் இறுக்கமாகக் கொடுத்திருப்பார்கள், கழிப்பதற்கு அதிகம் மிச்சம் இராது. ரேமை டெஸ்ட்மெம்5 என்ற சோதனைக் கருவி கொண்டு பார்க்கும்போது கிராபிக்ஸ் கார்டையும் சுடவைத்தே பாருங்கள். ரேம் சூடாகும்போது சேமித்த மின்னூட்டம் விரைவாகக் கசியும். காலை 27 பாகையில் தேறியது பிற்பகலில் பிழை காட்டும். இன்னொன்று: எக்ஸ்போவும் பிபிஓவும் ஏஎம்டி உத்தரவாதத்துக்கு வெளியே உள்ளவை. கடையில் உத்தரவாதம் கோரும் முன் பயோஸை ஆரம்ப நிலைக்கு மாற்ற வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அப்படி மறைப்பதைவிட இதைத் தெரிந்துகொண்டு, வோல்டேஜை ஏற்றாத முறையிலேயே நிற்பது நேர்மையான வழி.

பவர் சப்ளை 650 வாட் கோல்ட் தரம் போதும். அதன் வயரில் ஐரோப்பிய பிளக் இருந்தால், எர்த் இல்லாத மலிவு அடாப்டரில் செருகக் கூடாது. கேஸைத் தொட்டால் கூச்சமாக அடிக்கும். உள்ளிருக்கும் வடிகட்டிக் கப்பாசிட்டர்கள் எர்த் இல்லாமல் கேஸின் உடலை மின்னழுத்தத்தில் மிதக்கவிடுவதே காரணம். 13 அம்பியர் சதுர முள் வயர் ஒன்றைத் தனியாக வாங்கி மாற்றிவிடுங்கள். 650 விஏ யுபிஎஸ் என்றால் உண்மையில் 360, 390 வாட் அளவுதான்; கேம் ஓடும் கணினியைத் தாங்க அல்ல, மின்சாரம் போனால் சேமித்து அணைக்க. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி இடிக்கும் பிற்பகல்களில் இணைய ரவுட்டரிலிருந்து வரும் வயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வந்து லான் போர்ட்டை எரிக்கும்.

கடற்கரை வீதிப் பக்கத்து வீடுகளில் கடல் உப்பு தூசோடு சேர்ந்து போர்டில் படியும். அந்தப் படலம் ஈரத்தை இழுத்துப் பிடித்து இணைப்புகளை அரிக்கும். கடல் பார்த்த ஜன்னலடியில் கணினி வைக்காதீர்கள், முன்வலையையும் ஹீட்சிங்கையும் இரண்டு மாதத்துக்கொருமுறை தூரிகையாலும் காற்றாலும் துடையுங்கள், ஃபானின் இதழை விரலால் பிடித்துக்கொண்டு. ஏசி அறையில் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு கவனம். கொழும்புக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பெரும்பாலும் 24, 25 பாகை. இரவெல்லாம் 20இல் குளிர்ந்த, அணைத்துக் கிடந்த கணினியின் உலோகத்தில், காலையில் ஜன்னலைத் திறந்ததும் நீர் படியலாம். ஜன்னலைத் திறந்த பின் அரை மணிநேரம் கழித்துப் பவர் கொடுங்கள்.