சீனர்களை நம்பி வாங்கிய இரண்டு குட்டி டொமைன்கள்: பத்து வருட அனுபவம்

டொமைன் என்றால் இணையதளத்தின் முகவரிப் பெயர். நான் வாங்கிய இரண்டுக்கும் முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து இலக்க எண் டொமைனுக்கு ஐந்துக்கு நான்கு. நான்கெழுத்து டொமைனுக்கு ஐந்துக்கு ஒன்றரை. இரண்டையும் 2015 டிசம்பரில் ஒரே வாரத்தில் வாங்கினேன், இரண்டுமே .காம். "சின்னப் பெயர் எது கிடைத்தாலும் சீனாக்காரர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள்" என்று டொமைன் வாங்கி விற்கும் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. இப்போதும் அவ்வப்போது யாராவது "மூணு லெட்டர், நாலு லெட்டர் டொமைன் வாங்கிப் போடலாமா, சீனாவில் நல்ல விலையாமே" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வருடம் நடந்ததைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2014-இல் சியோமி நிறுவனம் எம்ஐ.காம் என்ற ஈரெழுத்துப் பெயரை 36 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. 2015 தொடக்கத்தில் சீஹூ 360 நிறுவனம் வோடஃபோனிடமிருந்து 360.காமை 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதே வருடம் ஜூனில் ஷாங்காய் பங்குச்சந்தை சரிந்தது, ஆகஸ்டில் யுவான் மதிப்பைக் குறைத்தார்கள். பங்கிலிருந்து வெளியே வந்த பணத்தில் ஒரு பகுதி டொமைன் பக்கம் திரும்பியது. வருட நடுவில் சில நூறு டாலருக்குக் கிடைத்த நான்கெழுத்து .காம்கள் வருடக் கடைசியில் இரண்டாயிரம் டாலரைத் தாண்டிவிட்டன. நான் உள்ளே போனது அந்த உச்சத்தில்.

சரி, நான்கெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். எந்த நான்கெழுத்தும் சீனர்களுக்குப் பிடிக்கும் என்பது தவறு. அவர்கள் தேடுவது ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து உயிரெழுத்தும் வி என்ற எழுத்தும் இல்லாத பெயர். மீதி இருபது எழுத்துகள், அவற்றை வைத்து வரும் நான்கெழுத்துக் கூட்டுகள் 1,60,000. மொத்த நான்கெழுத்து .காம்களோ 4,56,976. அதாவது, "நான்கெழுத்து" என்று விற்கப்படுவதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் சீனச் சந்தைக்கு உரிய சரக்கு.

ஏன் அந்த இருபது எழுத்து? கணினியிலும் கைபேசியிலும் பெரும்பாலான சீனர்கள் பின்யின் முறையில்தான் தட்டச்சு செய்கிறார்கள். நாம் ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்தால் தமிழில் வருவது போலத்தான். ஆனால் அவர்கள் முழுச் சொல்லையும் அடிக்க வேண்டியதில்லை. பி, ஜே என்று இரண்டு எழுத்தைத் தட்டினாலே பெய்ஜிங் வந்து நிற்கும். நாள் முழுக்க இப்படி முதலெழுத்துகளைத் தட்டிப் பழகியவர்களுக்கு ஜே, டி என்று பார்த்ததும் ஜிங்டாங் என்று வாய் படிக்கும். இணைய வணிக நிறுவனமான ஜிங்டாங் 360பை.காம் என்ற பழைய முகவரியை விட்டு 2013-இல் ஜேடி.காமுக்கு மாறியதை இதோடு சேர்த்துப் பாருங்கள். நமக்கு வெறும் இரண்டு எழுத்து, அவர்களுக்கு அது முழுப் பெயர்.

ஐ, யூ, வி மூன்றும் பின்யினில் எந்த அசைக்கும் முதலில் வராது. ட, ண, ற தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்று பள்ளியில் படித்தோமே, அது போல. வி எழுத்தை அவர்கள் தட்டச்சில் பயன்படுத்துகிறார்கள்தான், ஆனால் அது அசைக்குள்ளே ஓர் ஒலிக்காக வருவது, தலையில் உட்காராது. ஏ, ஈ, ஓ மூன்றும் சில அசைகளுக்கு முதலில் வரும். அன்ஹுய் மாகாணத்தின் பெயரே ஏ எழுத்தில்தான் தொடங்குகிறது. ஆனாலும் குறைவு என்பதால் ஒதுக்கிவிடுகிறார்கள்.

நான் வாங்கிய பெயரில் மூன்றாவது எழுத்து வி.

விற்ற இடைத்தரகர் தன் பட்டியலில் அதற்கு "சைனீஸ் பிரீமியம்" என்று முத்திரை போட்டிருந்தார். 1,900 டாலர், அன்றைய கணக்கில் சுமார் ஒன்றேகால் லட்சம் ரூபாய். பணம் கொடுத்து இரண்டு வாரம் கழித்து, ஒரு சீன வாங்குபவர் கேட்ட ஒரே கேள்வியில்தான் விஷயம் எனக்குப் புரிந்தது. "வி வைத்து எந்தச் சொல் தொடங்கும்?" என்று கேட்டார். அவ்வளவுதான், அப்புறம் பேச்சே இல்லை. தரகரிடம் கேட்டதற்கு, மேற்கத்திய நிறுவனங்களுக்கு அது நல்ல பெயர், வி எழுத்து அவர்களுக்குப் பிடிக்கும் என்று பேச்சை மாற்றினார். முத்திரை போட்டது ஒன்று, சமாதானம் சொல்வது வேறொன்று. பணத்தைத் திருப்பித் தரவில்லை, அந்தப் பட்டியலைத் திருத்தவும் இல்லை. எனக்கு அப்புறமும் யாராவது அதே முத்திரையை நம்பி வாங்கியிருப்பார்கள் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

2016-இல் விலை இறங்க ஆரம்பித்தது. 2017-இல் எனக்கு வந்த நல்ல கேட்பு விலையே 250 டாலர். உண்மையான இருபதெழுத்துப் பெயர் வைத்திருந்தவர்களும் அடி வாங்கினார்கள், ஆனால் அவர்கள் பெயருக்குக் கேட்பதற்கு ஆளாவது இருந்தது.

இனி எண் டொமைன். இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

சீனாவில் எண்ணை முகவரியாக வைப்பது விசித்திரமே இல்லை. நெட்ஈஸ் நிறுவனத்தின் முகவரி 163.காம். டயல்-அப் காலத்தில் இணையத்துக்குள் போக எல்லோரும் சுழற்றிய எண் 163. ரயில் டிக்கெட் எடுக்கும் தளம் 12306.சிஎன், அதுவும் ரயில்வேயின் தொலைபேசி எண்தான். சைனா மொபைலுக்கு 10086. கியூகியூ அரட்டையில் ஆளுக்கு ஒரு எண்தான் அடையாளம். அதில் மிகப் பழைய கணக்குகளுக்கு ஐந்தே இலக்கம், அப்படி ஒரு எண் வைத்திருப்பது இன்றும் பெருமை. ஆங்கில எழுத்தில் பழக்கமில்லாத ஒரு பெரியவருக்கு நீளமான ஆங்கிலப் பெயரைவிட ஐந்து எண் எளிது.

அப்புறம் ஒலி. எட்டு என்பது "பா", செழிப்பதற்கான சொல் "ஃபா". ஆறு "லியூ", தடையில்லாமல் ஓடுவது. ஒன்பது "ஜியூ", நீடித்திருப்பது. நான்கு "ஸி", சாவுக்கான சொல்லின் ஒலி. நம் ஊரில் எட்டு என்றால் சனி என்று கார் நம்பரில் கூடத் தவிர்ப்பவர்கள் உண்டு. அங்கே சிச்சுவான் ஏர்லைன்ஸ் 2003-இல் எட்டு எட்டுகள் வரும் தொலைபேசி எண்ணுக்கு 23 லட்சத்து 30 ஆயிரம் யுவான் கொடுத்தது. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் தொடங்கியது 2008, எட்டாம் மாதம், எட்டாம் தேதி, இரவு எட்டு மணிக்கு.

ஆனால் எட்டு இருந்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. எண்கள் சேர்ந்து ஒரு வாக்கியமாக ஒலிக்க வேண்டும், அங்கேதான் விலை. 51 என்பதை "வூ யாவ்" என்று படித்தால் "வோ யாவ்", எனக்கு வேண்டும் என்பதற்குப் பக்கத்தில் வரும். 51ஜாப் என்ற வேலை தேடும் தளத்தின் பெயர் அப்படி வந்ததுதான். ஒன்றை "யீ" என்றும் படிப்பார்கள், அப்போது 17 என்றால் "யீ சீ", சேர்ந்து என்று பொருள். 17கே என்ற நாவல் தளத்தின் பெயரைச் சேர்ந்து படிக்கலாம் வா என்று கேட்கலாம். அலிபாபாவின் மொத்த வியாபாரத் தளம் 1688.காம். அதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: யாவ், லியூ, பா, பா. அலிபாபா போலவே காதில் விழும். முதல் முறை இது புரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நான் வாங்கிய எண் 168-இல் முடிகிறது. முன்னால் இரண்டு இலக்கம், அதில் பூஜ்யமும் இல்லை, நான்கும் இல்லை. விலை 650 டாலர். சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்த்த குவாங்சோ நண்பர் ஒருவருக்கு ஃபோனில் அதை ஒவ்வொரு இலக்கமாகப் படித்துக் காட்டினேன். முதல் இரண்டுக்கு ஒன்றும் சொல்லவில்லை. 1, 6, 8 வந்ததும் "யீ லூ ஃபா" என்று அவரே பாட்டு மாதிரி இழுத்தார். வழி நெடுகச் செழிப்பு என்று அர்த்தம். "கடைக்காரனுக்கு விற்றுவிடு, கம்பெனிக்காரனுக்கு இல்லை" என்றார். அவரிடம் 58 பற்றிக் கேட்டேன், ஏனென்றால் 58.காம் அங்கே பெரிய விளம்பரத் தளம். மாண்டரினில் அது "நான் செழிப்பேன்" என்பது போல ஒலிக்கும். தென் சீனாவின் கான்டனீஸ் பேசும் அவருக்கோ ஐந்து "இல்லை" என்பது போலக் கேட்குமாம், 58 என்றால் செழிக்கவே செழிக்காது. ஒரே எண், ஊர் மாறினால் ஆசி சாபமாகிவிடுகிறது. எந்த ஊர் வாங்குபவர் என்று தெரியாமல் விலை சொல்லக் கூடாது என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். நான்குக்கும் இதே கதைதான். டொமைன் வாங்கி விற்கும் பெரிய சீனச் சந்தை ஒன்றே 4.சிஎன் என்ற முகவரியில் நடக்கிறது, 4399.காம் பெரிய விளையாட்டுத் தளம். பயம் உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை.

இந்தத் தொழிலில் இருக்கும் சீனர்களின் பேச்சும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். டொமைனுக்குச் சீனச் சொல் "யூமிங்". மக்காச்சோளத்துக்கு "யூமி". அதனால் டொமைனைச் சோளம் என்பார்கள், அதுவும் சுருங்கி "மி", அரிசி, ஆகிவிட்டது. டொமைன் சேர்த்து வைப்பவர் "மி நோங்", அரிசி விவசாயி. விதைத்துவிட்டுக் காத்திருக்கும் தொழில் என்பதை அந்தச் சொல் எவ்வளவு சரியாகச் சொல்கிறது!

சீனாவுக்கென்றே .சிஎன் இருக்கும்போது .காமுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று கேட்பீர்கள். 2009 டிசம்பரில் .சிஎன் பதிவுக்கு வியாபார உரிமம் வேண்டும் என்று விதி வந்து தனிநபர்களை வெளியே நிறுத்திவிட்டார்கள், 2012-இல்தான் மறுபடி கதவு திறந்தது. அதைப் பார்த்தவர்கள் .காம் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை.

விற்றது 2019-இல். ஜெஜியாங் மாகாணத்தில் வண்டி உதிரி பாகம் மொத்தமாக விற்கும் ஒருவர், சீனத் தரகர் மூலம் வந்தார். அவருடைய கடை ஃபோன் எண்ணின் கடைசி ஐந்து இலக்கமும் என் டொமைனும் ஒன்று. டெலிவரி வேனின் பக்கவாட்டில் அந்த எண் பெரிதாக எழுதியிருந்த படத்தை அனுப்பினார். 1,800 டாலருக்கு முடிந்தது. அவர் கேட்ட சோதனைகளைச் சொன்னால் உங்களுக்கு உதவும். முதலில் அந்த முகவரியை வீசாட் என்ற சீன அரட்டைச் செயலிக்குள் திறந்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னார். முன்னால் வைத்திருந்தவர் சூதாட்டத் தளம் ஏதாவது நடத்தியிருந்தால் அங்கே எச்சரிக்கைப் பக்கம்தான் வரும், அப்படிப்பட்ட பெயரை யாரும் தொட மாட்டார்கள். அடுத்து, சீனாவுக்குள் இருந்து பார்த்தால் தடைபட்டிருக்கிறதா என்று பார்த்தார். சீனாவில் உள்ள சர்வரில் தளம் வைக்க அரசிடம் பதிவு எண் வாங்க வேண்டும், அதில் பழைய சிக்கல் இருக்கிறதா என்று தேடினார். பெயரின் பழைய வரலாற்றை நான் வாங்கும்போது ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை, அது சுத்தமாக இருந்தது என் நல்ல நேரம். பணம் எஸ்க்ரோ கணக்கில், அதாவது இருவருக்கும் பொதுவான மூன்றாவது ஆள் பிடித்து வைக்கும் கணக்கில், வந்து சேர்ந்த பிறகுதான் டொமைனை அவர் கைக்கு மாற்றும் குறியீட்டை அனுப்பினேன். இதில் அவசரம் காட்டவே காட்டாதீர்கள், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சரி.

அந்த 1,800 டாலர் சந்தை விலை இல்லை, அந்த வேன் கொடுத்த விலை. அதே வாரம் அதே மாதிரி எண்ணை மொத்தமாக வாங்கும் சீன வியாபாரி ஒருவர் எனக்குச் சொன்ன விலை 400. பயன்படுத்தப் போகிறவருக்கும் திருப்பி விற்கப் போகிறவருக்கும் இடையே இவ்வளவு தூரம். குறும்பெயர் வாங்க நினைப்பவர்கள் அந்த 400-ஐத்தான் தங்கள் விலையாக மனதில் வைக்க வேண்டும், மேலே வருவது வந்தால் வரவு. அதற்காக, முதலெழுத்து பொருந்தும் கம்பெனியைத் தேடிப் பிடித்து நாமே விலை சொல்லிக் கடிதம் போடவும் கூடாது. அது அவர்களின் வணிகச் சின்னமாக இருந்தால் கெட்ட நோக்கத்தோடு பதிவு செய்தோம் என்று புகார் கொடுத்துப் பெயரையே பிடுங்கிவிடலாம்.

இன்றைக்கு எனக்கு வாங்கச் சொன்னால் ஐந்து இலக்க எண்ணோ, இரண்டு முழுப் பின்யின் அசை சேர்ந்து ஒரு சொல்லாகும் பெயரோ வாங்குவேன், அதுவும் ஒரு சீனர் வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகு. நான்கெழுத்து என்றால் அந்த இருபதுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இலவசமாகக் கொடுத்தாலும் யோசிப்பேன்.

வி எழுத்துப் பெயர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பத்து முறை ரினியூ செய்துவிட்டேன். இந்த முறை அதன் விற்பனைப் பக்கத்தில் "சீனச் சந்தைக்கு உரியது அல்ல" என்று முதல் வரியிலேயே எழுதி, விலை 300 டாலர் என்று போட்டிருக்கிறேன்.