மூன்று வருஷ மனக்கணக்கு: கன்சல்டிங் இன்டர்வியூவுக்குப் படித்ததில் எது நின்றது, எது போனது

2022 அக்டோபரில் கன்சல்டிங் வேலைக்கென்று, அதாவது கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலைக்கென்று, மனக்கணக்குப் பயிற்சியைத் தொடங்கினேன். நான்கு கம்பெனிகளில் கேஸ் இன்டர்வியூ கொடுத்தேன். மூன்றில் கிடைக்கவில்லை, நான்காவதில் கிடைத்தது. அந்த வேலையிலும் ஒன்றரை வருஷம் தாண்டிவிட்டது. ஒரு வாரம் பயன்படுத்திவிட்டு எழுதுகிற குறிப்புகள் நிறைய இருக்கின்றன. மூன்று வருஷம் கழித்து எந்தக் குறுக்குவழி கையில் இருக்கிறது, எது தானாகவே கழன்று போனது என்பதை எழுதினால் மதுரைப் பக்கத்திலிருந்து தயாராகும் யாருக்காவது ஆகும் என்று தோன்றியது.

தெரியாதவர்களுக்காக: கேஸ் இன்டர்வியூ என்றால் ஒரு கம்பெனியின் பிரச்சினையைச் சொல்லி, "நீங்கள் என்ன யோசனை சொல்வீர்கள்?" என்று கேட்பார்கள். மெக்கின்சி, பிசிஜி, பெயின் போன்ற பெரிய நிறுவனங்களிலிருந்து சின்ன நிறுவனங்கள் வரை இதுதான் வழக்கம். நடுவில் கணக்கு வரும். பேப்பர், பேனா உண்டு; கால்குலேட்டர் பெரும்பாலும் கிடையாது. கணக்கைப் போட்டுக்கொண்டே எதிரில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். சிரமமே இந்தக் கடைசி விஷயத்தில்தான் இருக்கிறது. இது எனக்குப் புரிய எட்டு மாதம் ஆனது.

முதல் நான்கு மாதம் எல்லோரையும் போல வேதக் கணிதம் என்று சொல்லப்படும் வித்தைகளில்தான் விழுந்தேன். 97-ஐ 96-ஆல் பெருக்க, நூறுக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்து 3, 4 என எடுத்து, 97-இல் 4 போக 93 ஒரு பக்கம், 3 × 4 = 12 ஒரு பக்கம், 9312. ஐந்தில் முடியும் எண்ணின் வர்க்கம்: 65 என்றால் ஆறேழு நாற்பத்திரண்டு, பின்னால் 25, ஆக 4225. அழகான கணக்குகள். எண்களைப் பார்த்தால் வரும் பயம் எனக்கு இதனால் குறைந்தது, அதற்கு நன்றி. ஆனால் நான்கு இன்டர்வியூக்களிலும், அப்புறம் வேலையிலும், 97 × 96 மாதிரி ஒரு கணக்கு ஒருமுறைகூட என் முன்னால் வரவில்லை. அங்கே வருவது "240 கடை, கடைக்கு மாதம் 18 லட்சம்" போன்ற கணக்கு. அதற்கு 24 × 20 = 480, அதில் 48 போக 432, ஆக 43.2 கோடி என்று போவதே போதும். இரண்டு மாதம் சும்மா இருந்ததும் அந்த வித்தைகளில் முக்கால்வாசி மறந்துவிட்டது. மறந்ததால் ஒரு நஷ்டமும் இல்லை.

என் முதல் இன்டர்வியூ போனது பெருக்கலில் இல்லை, சைபரில். கணினியில் வீடியோ வழியாக நடந்த சுற்று. வெளிநாட்டுக் கம்பெனி, வருமானம் 450 மில்லியன் டாலர், லாபம் 8 சதவீதம் என்று கொடுத்தார்கள். என் தலைக்குள் எண்கள் கோடியில்தான் ஓடும். 450 மில்லியனை 450 கோடி என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் அது 45 கோடி. எட்டு சதவீதத்தைச் சரியாகப் போட்டேன், வேகமாகவும் போட்டேன், ஆனால் விடை பத்து மடங்கு பெரிதாக இருந்தது. "ஒருமுறை சரிபார்க்கிறீர்களா?" என்று அவர் அமைதியாகக் கேட்டார். நான் பெருக்கலைச் சரிபார்த்தேன். பெருக்கல் சரியாகத்தான் இருந்தது, அதனால் அதே விடையைத் திரும்பச் சொன்னேன். அன்று இரவு தூக்கமில்லை.

மறுநாள் ஒரு அட்டையில் எழுதி மேசை முன் ஒட்டினேன். ஆயிரத்துக்கு 3 சைபர், லட்சத்துக்கு 5, மில்லியனுக்கு 6, கோடிக்கு 7, பில்லியனுக்கு 9, டிரில்லியனுக்கு 12. இதைக் கூட்டினால் பெருக்கல் வந்துவிடும். ஆயிரத்தை லட்சத்தால் பெருக்கினால் 8 சைபர், பத்துக் கோடி. லட்சத்தை லட்சத்தால் பெருக்கினால் 10 சைபர், ஆயிரம் கோடி. பத்து லட்சம் ஒரு மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன், ஒரு லட்சம் கோடி ஒரு டிரில்லியன். நான் படித்த அத்தனையிலும் இந்தச் சின்ன அட்டைக்குத்தான் முதல் மதிப்பெண் கொடுப்பேன். இன்றும் வாரத்தில் இரண்டு மூன்று தடவையாவது மனதுக்குள் அதைப் பார்க்கிறேன்.

இரண்டாவது இடம் பின்னங்களுக்கு. இதில் எனக்கு வாத்தியார் என் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர். கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடையில் நாற்பது வருஷம் கணக்கு எழுதியவர். நான் 12.5 சதவீதத்தை 10, 2, அரை என்று மூன்றாகப் பிரித்துப் போடுவதைப் பார்த்துவிட்டு, "தாயி, ரூவாய்க்கு ரெண்டணான்னா நேரா எட்டால வகுக்க வேண்டியதுதான, என்னத்துக்கு இம்புட்டு எழுதுற?" என்றார். எனக்கு அப்படியே ஒரு கதவு திறந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா வரும்வரை ரூபாய்க்குப் பதினாறணா. அதனால் அவர்கள் தலைமுறைக்குப் பதினாறில் ஒன்று, எட்டில் ஒன்று எல்லாம் காசாகவே கையில் புழங்கியவை. ஓரணா 6.25 சதவீதம், இரண்டணா 12.5, மூன்றணா 18.75, நாலணா 25, ஆறணா 37.5. 640 கோடியில் 37.5 சதவீதம் எவ்வளவு? ஓரணாவுக்கு 40 கோடி, ஆறணாவுக்கு 240 கோடி. முடிந்தது.

அவர் இன்னும் பழைய பெயர்களும் சொல்லிக் கொடுத்தார். மா என்றால் இருபதில் ஒன்று, அதாவது 5 சதவீதம். இருமா 10, மும்மா 15, நாலுமா 20. காணி எண்பதில் ஒன்று, 1.25 சதவீதம். வீசம் பதினாறில் ஒன்று. "வேலை முக்காலே மூணு வீசம் முடிஞ்சிருச்சு" என்று நாம் பேச்சில் சொல்வது சரியான கணக்கு: முக்காலும் பதினாறில் மூன்றும் சேர்ந்தால் பதினாறில் பதினைந்து, 93.75 சதவீதம். காலே அரைக்கால் என்றால் 37.5. நம் வீட்டுப் பேச்சிலேயே இவ்வளவு சதவீதம் கிடக்கும்போது நான் மாதக்கணக்கில் வெளியே தேடியிருக்கிறேன்.

இதோடு ஏழு, ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு ஆகியவற்றை மட்டும் தனியாக மனப்பாடம் செய்தேன். ஏழில் ஒன்று 14.28, ஒன்பதில் ஒன்று 11.11, பதினொன்றில் ஒன்று 9.09, பன்னிரண்டில் ஒன்று 8.33. ஒரு பங்கு எத்தனை சதவீதம் என்று கேட்கும்போதெல்லாம் இவைதான் உதவுகின்றன. சதவீதத்தைத் திருப்பிப் போடுவதும் நிலைத்து நின்றது: 25-இல் 16 சதவீதம் கேட்டால் 16-இல் 25 சதவீதம் பார்த்தால் போதும், இரண்டும் 4.

வகுத்தலில் ஒரே ஒரு பழக்கம்தான் இன்னும் இருக்கிறது. வகுக்கும் எண் முரடாக இருந்தால் மேலே கீழே இரண்டையும் இரட்டிப்பது. பயிற்சிக்காக நானே ஒரு ஜிகர்தண்டா கடைக் கணக்கு வைத்துக்கொண்டேன். கிளாஸ் 80 ரூபாய், பால், கடற்பாசி, நன்னாரி, ஐஸ்கிரீம் எல்லாம் சேர்த்து 35 ரூபாய், கையில் நிற்பது 45. வாடகை, சம்பளம் வருஷத்துக்கு 36 லட்சம். முதலுக்கு மோசம் இல்லாமல் இருக்க எத்தனை கிளாஸ் விற்க வேண்டும்? 36 லட்சத்தை 45-ஆல் வகுக்காமல் 72 லட்சத்தை 90-ஆல் வகுத்தால் 80,000 என்று உடனே தெரியும். நாளுக்கு எவ்வளவு என்றால் 365-க்குப் பதில் 360 வைத்து 222, அதில் கொஞ்சம் குறைத்து 219 அல்லது 220. சித்திரையில் இந்த எண் எளிது, ஐப்பசி மழையில் கஷ்டம் என்று அடுத்த வார்த்தை சொல்ல முடிந்தால் அதுதான் அவர்கள் எதிர்பார்க்கும் பதில்.

எண்ணை முழுமையாக்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பெருக்கலில் ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறைக்க வேண்டும்: 48 × 52-ஐ 50 × 50 என்று எடுத்தால் 2500, சரியான விடை 2496. வகுத்தலில் இரண்டையும் ஒரே பக்கம் நகர்த்த வேண்டும்: 285-ஐ 19-ஆல் வகுப்பதை 300-ஐ 20-ஆல் என்று எடுத்தால் அதே 15. மேலே 280, கீழே 20 என்று எதிரெதிராகப் போனால் 14 வந்துவிடும். முழுமையாக்கும் முன் "இதை 300 என்று வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பதும் நல்லது. கேட்ட இடங்களில் யாரும் வேண்டாம் என்றதில்லை.

72 விதியைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். 72-ஐ வளர்ச்சி விகிதத்தால் வகுத்தால் இரட்டிப்பாக ஆகும் வருஷம். 8 சதவீதத்துக்கு 9 வருஷம், 12-க்கு 6. நன்றாக வேலை செய்கிறது. விகிதம் 36 சதவீதம் மாதிரி உயரமாகப் போனால் மட்டும் 2 வருஷம் என்று காட்டும், உண்மையில் இரண்டேகால் ஆகும். நான் இதைவிட அதிகம் பயன்படுத்துவது இரண்டு மாற்றங்களைச் சேர்ப்பதற்கான வழி. விலை 20 சதவீதம் ஏறி, விற்பனை அளவு 15 சதவீதம் விழுந்தால் வருமானம் என்ன ஆகும்? 20-இல் 15 போக 5, 20-ஐயும் 15-ஐயும் பெருக்கி நூறால் வகுத்தால் 3, அதையும் கழித்தால் 2. வருமானம் 2 சதவீதம்தான் ஏறும். அந்த 3-ஐ விட்டுவிட்டு 5 என்று சொல்லும் தவறு மிகச் சாதாரணமாக நடக்கிறது.

இனி, குத்துமதிப்புக் கேள்விகள். "மதுரையில் எத்தனை டீக்கடை?" போன்றவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநகராட்சிக்குள் பத்து லட்சத்துச் சொச்சம். இப்போதைக்கு 12 லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன். பாதிப் பேர் கடையில் குடிக்கிறார்கள், சராசரி ஒன்றரை டீ என்றால் நாளுக்கு 9 லட்சம் கிளாஸ். ஒரு கடை 300 கிளாஸ் விற்றால் 3,000 கடை. இங்கேயே நிறுத்தாமல் வேறு பக்கத்திலிருந்தும் ஒருமுறை பார்க்க வேண்டும். மாநகராட்சிக்கு 100 வார்டு, அப்படியானால் வார்டுக்கு 30 கடை, நானூறு பேருக்கு ஒன்று. எங்கள் வார்டை மனதுக்குள் ஒரு சுற்று சுற்றினால் அது நம்பக்கூடிய எண்தான். இந்த வகைக்கு ஃபெர்மி கேள்வி என்று பெயர். 1945 ஜூலை 16 அன்று முதல் அணுகுண்டுச் சோதனையில், காகிதத் துண்டுகளைக் கீழே விட்டு, அவை காற்றில் எவ்வளவு நகர்ந்தன என்று பார்த்து, வெடிப்பின் பலம் பத்து கிலோடன் என்று மதிப்பிட்டவர் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி. பிற்பாடு அளந்ததில் இருபதுக்கு மேல் வந்தது. இரண்டு மடங்கு தப்பியும் அந்த மதிப்பீடு இன்றுவரை பேசப்படுகிறது. என் முதல் இன்டர்வியூவில் நான் தப்பியது பத்து மடங்கு.

பயிற்சி எப்படி என்று கேட்பவர்களுக்கு: பஸ்ஸில் நிறையச் செய்தேன். திருப்பரங்குன்றத்திலிருந்து மாட்டுத்தாவணி வரை முன்னால் போகும் வண்டியின் நம்பர் பிளேட்டை எடுத்துக்கொள்வேன். டிஎன் 58, 59, 64 என்ற முன்பகுதியை விட்டுவிட்டு நாலு எண்ணில் 15 சதவீதம். 4360 என்றால் 436, அதில் பாதி 218, ஆக 654. சிக்னல் விழுவதற்குள் முடிக்க வேண்டும். 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு மிச்சப் படிப்பு அங்கே நடந்தது. ஆனால் நூலகத்தில் ஒரு குறை: வாய்விட்டுப் பேச முடியாது. கணக்கு வேகமாகியும் என் இரண்டாவது இன்டர்வியூவில் நான் தடுமாறியதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

தமிழில் கணக்குப் போட்டு ஆங்கிலத்தில் சொல்பவர்களுக்கு ஒரு நொடி இடைவெளி விழும். "நூற்றி எண்பது" மனதில் வந்து, அது வாயில் மாறி வருவதற்குள் அடுத்த படி மறந்துவிடும். தமிழில் போடுவதை நான் விடவில்லை, விடவும் வேண்டியதில்லை. மொட்டை மாடியில் உலாத்திக்கொண்டு ஒவ்வொரு படியையும் ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிப் பழகினேன். "முதலில் இதைக் கண்டுபிடிக்கிறேன், பிறகு இதனால் வகுக்கிறேன்" என்று எண்ணுக்கு முன்னால் வழியைச் சொன்னால் மூச்சு விட இடம் கிடைக்கும். வழியில் தப்பு இருந்தால் எதிரில் இருப்பவரே திருத்திவிடுவார். மூன்றாவது, நான்காவது இன்டர்வியூக்கள் முந்தியதைப் போல இல்லாமல் ஒரு பேச்சாகவே நடந்தன.

வேலையில் எக்செல் இருக்கிறது, மனக்கணக்கு எதற்கு என்று கேட்பார்கள். சென்ற வருஷம் அதே 240 கடை மாதிரி ஒரு சங்கிலிக் கடைக்கு அறிக்கை தயாரித்தோம். வருஷ விற்பனை ஏறக்குறைய 520 கோடி. அதில் பை, பேக்கிங் செலவில் மட்டும் 60 கோடி மிச்சப்படுத்தலாம் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. 520-இல் 52 பத்து சதவீதம், அப்படியானால் 60 கோடி பதினொன்றரை சதவீதம். பைக்கு மட்டும் அவ்வளவு போனால் எந்தக் கடையும் நிற்காது. தேடிப் பார்த்தபோது எக்செலின் ஒரு கட்டத்தில் ஆயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் குழப்பம், சரியான எண் 6 கோடி. வாடிக்கையாளரிடம் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் அது பிடிபட்டது.

ஆறு வாரம்தான் இருக்கிறது என்பவர் சைபர் அட்டையையும் பின்னங்களையும் முதல் இரண்டு வாரத்தில் முடித்துவிட்டு மீதி நான்கு வாரமும் ஒரு ஆளை எதிரில் உட்காரவைத்துப் பேசிப் பழகலாம். காசு கொடுத்துப் படிக்கும் வேகப் பெருக்கல் வகுப்பு இதற்குத் தேவைப்படாது. போனில் கிடைக்கும் இலவசப் பயிற்சிச் செயலிகள் போதும். அவற்றிலும் கோடி, மில்லியன் மாற்றம் இருக்காது, அதை நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வரும்போது சித்தப்பா மகன் பேப்பரோடு வந்து உட்காருகிறான். போன வாரம் 320 மில்லியனில் மூன்றணாவும் ஓரணாவும் சேர்த்துச் சொல் என்றேன். நாலணா, கால் பங்கு, 80 மில்லியன், 8 கோடி என்றான். ஐயா கட்டிலில் படுத்தபடியே, "டாலரா, ரூவாயா, அதச் சொல்லலையே" என்று கேட்டார்.