ரைபிளின் பின்னுதைப்பு: மஸில் பிரேக்கா, சைலன்சரா?

தோளில் விழும் உதையைத் தோட்டா மட்டும் உண்டாக்குவதில்லை. சுமார் 10 கிராம் தோட்டாவை 3 கிராம் வெடிமருந்து நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் தள்ளும்போது, தோட்டாவைவிட விரைந்து வெளியேறும் வாயுவே மொத்த உதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தருகிறது. குழல் முனையில் பொருத்தும் மஸில் பிரேக், சைலன்சர் ஆகிய இரு கருவிகளும் கை வைப்பது இந்தப் பங்கில்தான்.

மஸில் பிரேக், தன் பக்கவாட்டுத் துளைகளில் வாயுவை மோதவிட்டுப் பக்கங்களுக்கும் சற்றுப் பின்னோக்கியும் திருப்புவதால், துப்பாக்கியை முன்னோக்கி இழுக்கும் எதிர்விசை பிறக்கிறது. ஆகவே உதையைக் குறைப்பதில் நல்ல பிரேக்கே பெரும்பாலும் முந்தும். மருந்து மிகுந்த மேக்னம் தோட்டாக்களில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும், மருந்து மிகக் குறைந்த சிறு தோட்டாவான .22 ரிம்ஃபயரிலோ பிரேக் வெறும் அலங்காரம்.

சைலன்சர் வாயுவைத் திருப்புவதில்லை. உள்ளறைகளில் அடைத்து, விரியவும் குளிரவும் விட்டு மெதுவாக வெளியேற்றுகிறது. முனையில் கூடும் அதன் எடையும் உதையைத் தணிப்பதால், சுளீரென்ற அடி நீண்ட தள்ளலாக மாறுகிறது. குழல் நீள்வதும், தொடர்ந்து சுட்டால் அதன் சூட்டில் எழும் கானல் இலக்கை மறைப்பதும் அதன் குறைகள்.

ஆனால் பிரேக்கின் விலையைக் காதுதான் கொடுக்கிறது. ரைபிள் ஓசை 160 டெசிபலை எட்டக்கூடியது. பிரேக் அதைச் சுடுபவர் பக்கமே திருப்ப, சைலன்சரோ 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கிறது. தரையில் படுத்துச் சுடுகையில் பிரேக் கிளப்பும் புழுதி வேறு. பிரேக்கைவிட உதை சற்றுக் கூடினாலும் சைலன்சரையே நான் தேர்வேன்; அப்போதும் காதுக்குப் பாதுகாப்பு தேவை.