பூட்டிக்கொண்ட சர்வரை மீட்டுத் தருகிறேன் என்ற ஆள் டிஸ்க்கையே அழித்துவிட்டான். 280 டாலர் போச்சு!

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளவுடில் ஓடிய எங்கள் வி.எம். (மெய்நிகர் சர்வர்) ஒரு ரீபூட்டுக்கு அப்புறம் எஸ்எஸ்எச்சில் (தூரத்திலிருந்து லாகின் ஆகும் வழி) நுழையவே விடவில்லை. பேனலில் மட்டும் 'ரன்னிங்' என்று பச்சையாகக் காட்டியது. ஃப்ரீலான்சர்கள் கிடைக்கும் ஒரு தளத்தில் ஐந்து நட்சத்திர 'ரெகவரி நிபுணர்' ஒருவரைப் பிடித்தேன். 280 டாலர், முழுக்க முன்பணம்.

நம்பவைத்தது எது தெரியுமா? சீரியல் கன்சோல் லாக்கை (பூட் ஆகும்போது சர்வர் காட்டும் செய்திகளின் பதிவு) அனுப்பியதும், "எமர்ஜென்சி மோடில் நிற்கிறது. எஃப்எஸ்டேப் ஃபைலில் (பூட்டின்போது இணைக்கவேண்டிய டிஸ்க்குகளின் பட்டியல்) இருக்கும் யூயூஐடிக்கு (டிஸ்க்கின் அடையாள எண்) இப்போது டிஸ்க்கே இல்லை, அதைத் தேடித்தான் பூட் நின்றுவிட்டது" என்றார். கணிப்பு சரி. "முதலில் ஸ்நாப்ஷாட் (டிஸ்க்கின் அப்போதைய நகல்) எடுப்பேன். ரூட் டிஸ்க்கை (சிஸ்டம் இருக்கும் முதன்மை டிஸ்க்) கழற்றி வேறு வி.எம்.மில் மாட்டி, அந்த வரியைத் திருத்தித் திரும்ப மாட்டிவிடுவேன். டேட்டாவுக்கு நான் பொறுப்பு சார்." முறையும் சரிதான். இவ்வளவு தெரிந்தவர் என்றுதான் அட்மின் ஆக்சஸ் கீயை (எங்கள் கிளவுட் கணக்கை இயக்கும் ரகசியச் சாவி) கொடுத்தேன்.

"முடிந்தது சார்" என்று மெசேஜ் வந்தது. லாகின் ஆனது. உள்ளே டேட்டாபேஸ் இல்லை, எங்கள் ஃபைல் ஒன்றுகூட இல்லை. அதே பெயரில் புத்தம்புது வி.எம்.! ஆக்டிவிட்டி லாக்கைத் திறந்தால், அந்த ஆளுக்குக் கொடுத்த கீயிலிருந்து 'டெர்மினேட்', அதாவது வி.எம்.மையே ஒழித்துக்கட்டும் கட்டளை. ஸ்டாப் செய்தால் டிஸ்க் தங்கும். நாங்கள் இருக்கும் கிளவுடில் டெர்மினேட் செய்தால், செட்டிங்கை முன்பே மாற்றியிருந்தால் ஒழிய, ரூட் டிஸ்க்கும் கூடவே போய்விடும். ஸ்நாப்ஷாட் பட்டியல் காலி.

கேட்டால், "டிஸ்க் ஏற்கெனவே கரப்ட் சார்." லாக்கைக் காட்டினால், "டீமிடம் கேட்டுச் சொல்கிறேன்." அப்புறம் பதிலே இல்லை. தளத்துக்காரர்களோ, "லாகின் ஆகிறது அல்லவா, வேலை முடிந்ததாகவே கருதுகிறோம்" என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். காலி சர்வரில் லாகின் ஆவதற்கு 280 டாலரா? அதை நானே ஐந்து நிமிடத்தில் செய்வேனே!

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. யாரையும் தொடவிடும் முன் ஸ்நாப்ஷாட்டை உங்கள் கையால் எடுங்கள். டெர்மினேஷன் புரொடெக்‌ஷனைப் போட்டு, அதை எடுக்கும் உரிமையையும் டெலீட் உரிமையையும் கொடுக்காதீர்கள். முழு முன்பணம் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். ஏற்கெனவே கீ கொடுத்திருந்தால் இப்போதே போய் அதை அழியுங்கள். பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் கீ செத்துவிடாது.